ஒரே எழுத்தைத் திரும்பத் திரும்ப எழுதும் புரதம்

விசைப்பலகையில் ஒரு விசை சிக்கிக்கொண்டால் திரையில் ஒரே எழுத்து வரிசையாக விழுந்துகொண்டே இருக்கும். மனித விந்தணுவில் உள்ள ஒரு புரதத்தின் வரிசையை வாசித்தால் அந்த நினைப்புதான் வருகிறது. நடுப்பகுதியை மட்டும் வாசித்துக் காட்டுகிறேன்: செரின், அர்ஜினின், அர்ஜினின், அர்ஜினின், அர்ஜினின், அர்ஜினின், அர்ஜினின், செரின், சிஸ்டீன். இவை அமினோ அமிலங்கள்; புரதம் எழுதப்படும் எழுத்துகள். மொத்த நீளமே 50தான். அதில் 24 அர்ஜினின். மற்ற புரதங்களில் 20 வகை அமினோ அமிலங்களும் கலந்துகட்டி வரும். நூற்றுக்கு ஐந்தாறு அர்ஜினின் இருக்கும், அவ்வளவுதான். இங்கே ஏறக்குறைய பாதி.

இதன் பெயர் புரோட்டமின் 1. விந்தணுவின் தலைக்குள் டிஎன்ஏவைச் சுருட்டி வைப்பது இதன் வேலை. பார்க்க ஏதோ எழுத்துப்பிழை மாதிரி இருக்கும் இந்த வரிசை ஏன் இப்படி இருக்கிறது, எங்கிருந்து வந்தது என்று கேட்டால், பரிணாமம் எதைக் கட்டிக் காக்கிறது, எதைப் போனால் போகட்டும் என்று விடுகிறது என்பது கொஞ்சம் புரியும்.

முதலில் இடப் பிரச்சினை. ஒரு மனித விந்தணு சுமந்து செல்லும் டிஎன்ஏவில் சுமார் 310 கோடி எழுத்து இணைகள். ஒவ்வொரு இணையும் 0.34 நானோமீட்டர் நீளம் பிடிக்கும். பெருக்கிப் பாருங்கள்: ஒரு மீட்டருக்குச் சற்று மேல். விந்தணுவின் தலையோ ஒரு மில்லிமீட்டரில் இருநூறில் ஒரு பங்கு நீளம். ஒரு மீட்டர் இழையை அதற்குள் வைக்க வேண்டும்; சிக்கலாகாமலும் அறுந்துபோகாமலும் வைக்க வேண்டும்; சினைமுட்டைக்குள் போனதும் சில மணி நேரத்தில் பிரித்தெடுக்கவும் முடிய வேண்டும்.

இழை மெல்லியது, திணித்தால் போயிற்று என்று தோன்றும். அப்படித் திணிக்க விடாதது டிஎன்ஏவின் மின்சுமை. டிஎன்ஏவின் முதுகெலும்பு முழுக்கப் பாஸ்பேட் தொகுதிகள். ஒவ்வொன்றும் ஓர் எதிர் மின்சுமையைச் சுமக்கிறது. ஒரே வகைச் சுமைகள் ஒன்றையொன்று தள்ளும் என்பது பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். அதனால் இரண்டு டிஎன்ஏ இழைகளைப் பக்கத்தில் பக்கத்தில் படுக்கவைக்கப் போனால் விலகி ஓடும். நெருக்க வேண்டும் என்றால் அந்தச் சுமையை யாராவது ஆற்ற வேண்டும்.

உடலின் மற்ற செல்களில் இதைச் செய்வது ஹிஸ்டோன்கள் என்ற புரதங்கள். நான்கு வகை ஹிஸ்டோன்கள், வகைக்கு இரண்டாக எட்டு சேர்ந்து ஓர் உருளை. அதன்மேல் 147 எழுத்து இணை நீளமுள்ள டிஎன்ஏ ஒன்றரைச் சுற்றுக்குச் சற்று மேல் சுற்றிக்கொள்ளும். நூல் சுற்றிய உருளைகளை மாலையாகக் கோத்ததுபோல் இருக்கும்; அதில் ஒவ்வோர் உருளையையும் நியூக்ளியோசோம் என்கிறார்கள். ஹெச்1 என்ற இன்னொரு ஹிஸ்டோன், உருளைக்குள் நுழையும் நூலையும் வெளிவரும் நூலையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். இந்தப் பெயரை நினைவில் வையுங்கள். கதையின் பிற்பாதியில் இவர்தான் கதாநாயகர்.

நல்ல ஏற்பாடுதான், ஆனால் வேறு தேவைக்கானது. ஒரு கல்லீரல் செல் தன் மரபணுக்களை நாள்தோறும் எடுத்துப் படிக்க வேண்டும். தேவையான இடத்தில் நூலைத் தளர்த்தி, படித்துவிட்டு, மறுபடி சுற்ற வேண்டும். அதற்கு உருளை முறை வசதி. விந்தணுவுக்குப் படிக்கும் வேலையே இல்லை. அது தபால்காரர் மாதிரி. கடிதத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டியதில்லை, பத்திரமாகக் கொண்டு சேர்த்தால் போதும். அப்படியிருக்க, உருளைகளையும் சேர்த்து எதற்குச் சுமக்க வேண்டும்? இடத்தை அடைப்பதே அவைதானே!

இங்கேதான் அர்ஜினின் வருகிறது. அதன் நுனியில் ஒரு நேர் மின்சுமை இருக்கிறது. லைசினிலும் அப்படி ஒன்று உண்டு, ஆனால் அது ஒரு நைட்ரஜன் முனையில் குவிந்து நிற்கும். அர்ஜினினில் அதே சுமை மூன்று நைட்ரஜன்களில் பரவி, நுனியே கவட்டை மாதிரி விரிந்திருக்கும். பாஸ்பேட்டை அது ஒரு விரலால் தொடுவதில்லை, இரண்டு விரலால் பிடிக்கிறது. அந்த மாதிரி 24 பிடிகள் உள்ள ஒரு சின்னப் புரதம் டிஎன்ஏவின் பள்ளத்தில் படிந்து, அதன் எதிர்ச் சுமையை அங்கேயே ஆற்றிவிடுகிறது. டிஎன்ஏ முறுக்கின் ஒரு சுற்றுக்கு, அதாவது சுமார் பத்துப் பதினோரு இணைகளுக்கு, ஒரு புரோட்டமின் என்பது தோராயக் கணக்கு.

சுமை ஆறியதும் இழைகள் ஒன்றையொன்று தள்ளுவதை நிறுத்திவிட்டு ஒட்டிப் படுக்கின்றன. சுமார் 50,000 இணைகள் நீளமுள்ள ஒரு துண்டு தன்னைத்தானே சுற்றிக்கொண்டு, நடுவில் ஓட்டையுள்ள வளையமாகிறது. கயிற்றைத் திரித்துச் சுற்றிச் செய்யும் பிரிமணையைப் பார்த்திருந்தால் அந்த வடிவம் சட்டென்று பிடிபடும். 310 கோடியை 50,000 ஆல் வகுத்தால், ஒரு விந்தணுத் தலைக்குள் அறுபதாயிரத்துச் சொச்சம் பிரிமணைகள், அடுக்கடுக்காக. சோதனைக் குழாயில் வெறும் டிஎன்ஏவோடு புரோட்டமினைக் கலந்தாலும் இதே வளையங்கள் உருவாகின்றன. சுருட்டிவிட யாரும் வேண்டியதில்லை, மின்சுமை போனாலே போதும் என்பது எனக்கு இன்றைக்கும் வியப்புதான்.

ஹிஸ்டோனைக் கழற்றி அந்த இடத்தில் புரோட்டமினை வைப்பது ஒரே நாளில் நடக்கிற காரியமல்ல. விந்தகத்தில், உருண்டையாக இருக்கும் செல் நீண்டு வாலுள்ள விந்தணுவாக மாறும் நாட்களில் இது படிப்படியாக நடக்கிறது. முதலில் ஹிஸ்டோன்களின் வால்களில் அசிட்டைல் தொகுதிகள் ஒட்டப்பட்டு அவற்றின் நேர்ச் சுமை குறைகிறது, பிடி தளர்கிறது. அப்புறம் இடைமாற்றுப் புரதங்கள் என்ற தற்காலிக ஆட்கள் வருகிறார்கள். கடைசியாகத்தான் புரோட்டமின். நேரம் தவறக்கூடாது என்பதற்கு எலிகளில் நல்ல சான்று இருக்கிறது. புரோட்டமினுக்கான ஆர்என்ஏ, அதாவது மரபணுவிலிருந்து எடுத்த நகல், முன்கூட்டியே எழுதப்பட்டு, ஏறக்குறைய ஒரு வாரம் சும்மா வைக்கப்படுகிறது. அந்தக் காத்திருப்பை நீக்கி, புரதம் சீக்கிரமே உருவாகும்படி 1995இல் செய்து பார்த்தார்கள். டிஎன்ஏ அவசரப்பட்டுச் சுருண்டது, விந்தணு உருவாவது பாதியில் நின்றது, எலிகள் மலடாயின. யோசித்தால் நியாயம்தான்: டிஎன்ஏவைப் பூட்டிவிட்ட பிறகு எந்த மரபணுவையும் படிக்க முடியாது, ஆகவே அதற்குப் பின் தேவைப்படுவதை எல்லாம் முன்னாலேயே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

மனிதர், எலி போன்ற பாலூட்டிகளில் இன்னொரு பூட்டும் உண்டு. மனிதப் புரோட்டமின் 1இல் ஆறு சிஸ்டீன்கள் இருக்கின்றன. சிஸ்டீனில் கந்தகம் உண்டு. இரண்டு சிஸ்டீன்களின் கந்தகங்கள் கைகோத்தால் உறுதியான பிணைப்பு. விந்தணு விந்தகத்தை விட்டு வெளியேறி, எபிடிடைமிஸ் என்ற நீண்ட சுருள் குழாயில் பயணம் செய்யும்போது இந்தப் பிணைப்புகள் விழுகின்றன. மூட்டையைக் கட்டிய பிறகு மேலே தையல் போடுவதுபோல. சால்மன் போன்ற மீன்களின் புரோட்டமினில் சிஸ்டீனே கிடையாது. கங்காரு போன்ற பைம்மாப் பாலூட்டிகளில் பெரும்பாலானவற்றிலும் கிடையாது. ஆக இந்தத் தையல், பாலூட்டிகளின் ஒரு கிளையில் பிற்பாடு சேர்ந்த ஒன்று.

மனித விந்தணுவில் ஹிஸ்டோன்கள் முழுக்கப் போய்விடுவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 5 முதல் 15 சதவீதம் வரை டிஎன்ஏ இன்னும் ஹிஸ்டோனோடு தான் இருக்கிறது. எலியில் ஒரு சதவீதம் போல. மீதி இருக்கும் அந்த ஹிஸ்டோன்கள் தந்தையிடமிருந்து கருவுக்குச் செய்தி எதையாவது கொண்டுபோகின்றனவா என்பது தனிப் பஞ்சாயத்து. இங்கே இழுக்க வேண்டாம்.

சினைமுட்டைக்குள் நுழைந்ததும் எல்லாம் தலைகீழ். முட்டையில் உள்ள குளுட்டதயோன் என்ற சிறு மூலக்கூறு கந்தகத் தையலைப் பிரிக்கிறது. எஸ்ஆர்பிகே1 என்ற நொதி, புரோட்டமினில் பாஸ்பேட்டுகளை ஒட்டுகிறது என்று 2020இல் கண்டறிந்தார்கள். எதிர்ச் சுமை ஏறிய புரோட்டமின் டிஎன்ஏவைப் பிடித்திருக்க முடியாமல் கழன்றுபோகிறது. அந்த இடத்தில் தாய் சேமித்து வைத்திருந்த ஹிஸ்டோன்கள் ஏறுகின்றன. மின்சுமையால் கட்டியதை மின்சுமையாலேயே அவிழ்க்கிறார்கள்.

சரி, இதை எல்லாம் முதலில் பார்த்தது யார்? டிஎன்ஏவைக் கண்டுபிடித்த அதே மனிதர்தான். ஃபிரெடரிக் மீஷர் 1869இல், ஜெர்மனியின் டூபிங்கனில், கட்டுத்துணியில் படிந்த சீழின் செல்களிலிருந்து ‘நியூக்ளின்’ என்ற பொருளைப் பிரித்தார். பிறகு சொந்த ஊரான சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரத்துக்குத் திரும்பினார். ரைன் நதி ஓடும் ஊர். இனப்பெருக்கக் காலத்தில் சால்மன் மீன்கள் நதியில் ஏறி வரும். அவற்றின் விந்தணுத் தலை கிட்டத்தட்ட முழுக்க உட்கருதான். ஆய்வுக்கு அதைவிடச் சுத்தமான மூலப்பொருள் கிடைக்காது. பொருள் கெட்டுவிடக் கூடாதென்று குளிரிலேயே வேலை செய்தார். 1874இல், நியூக்ளினோடு ஒட்டிக்கொண்டிருந்த காரத்தன்மை மிக்க பொருளுக்குப் ‘புரோட்டமின்’ என்று பெயர் வைத்தார். பத்தாண்டு கழித்து, 1884இல், ஆல்பிரெக்ட் கோசல் பறவையின் ரத்தச் சிவப்பணுக்களிலிருந்து ஹிஸ்டோனைப் பிரித்தார். மீன் புரோட்டமின்களையும் அவர் விடாமல் ஆராய்ந்து, அவை பெரும்பாலும் அர்ஜினின் என்று காட்டினார். ஸ்டர்ஜன் மீனின் புரோட்டமினிலிருந்து 1896இல் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தையே முதன்முதலாகப் பிரித்தெடுத்தார். 1910இல் மருத்துவ நோபல் பரிசு பெற்றார்.

ஒரு சின்ன இடைச்செருகல். பரம்பரைச் செய்தி புரதத்தில்தான் இருக்கும், டிஎன்ஏ அதற்கு ஏதோ தாங்குபலகை என்று அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் பெரும்பாலோர் நம்பினார்கள். சால்மன் விந்தணுவின் புரதமோ முப்பத்துச் சொச்சம் அமினோ அமிலங்கள், அதில் மூன்றில் இரண்டு பங்கு அர்ஜினின். ஒரு முழு மீனைப் பற்றிய குறிப்பை அந்தத் திக்குவாய்ப் புரதத்திலா எழுதி வைக்க முடியும்? விடை மீஷரின் அதே கண்ணாடிக் குடுவையில், பக்கத்திலேயே கிடந்தது.

இனி பரிணாமம். விலங்குகளின் விந்தணுக்களைத் திறந்து பார்த்தால் மூன்று விதமான ஏற்பாடுகள் தென்படுகின்றன. கடல் முள்ளெலிகள், கெண்டை, ஜீப்ரா மீன் போன்றவை ஹிஸ்டோனையே வைத்துக்கொண்டிருக்கின்றன. சால்மன், ஹெர்ரிங், கணவாய், பறவைகள், பாலூட்டிகள் ஆகியவற்றில் புரோட்டமின். இரண்டுக்கும் நடுவில், ஆளி, மட்டி போன்ற இருவோட்டுச் சிப்பிகளில் ‘புரோட்டமின் போன்றவை’ என்று அழைக்கப்படும் இடைநிலைப் புரதங்கள். பட்டியலைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். ஜீப்ரா மீனும் சால்மனும் மீன்தான், ஆனால் ஆளுக்கொரு முறை. எளியதிலிருந்து உயர்ந்ததற்கு ஏறும் படிக்கட்டு என்று இதை வரைந்தால் தப்பாகிவிடும். ஒரு மரத்தின் கிளைகளில் அங்கங்கே விளக்கு எரிந்தும் அணைந்தும் இருப்பதுபோலத்தான் புரோட்டமின் பரவியிருக்கிறது.

அப்படியென்றால் புரோட்டமின் பல தடவை தனித்தனியாகத் தோன்றியதா, ஒரே மூலத்திலிருந்து வந்து சில கிளைகளில் தொலைந்துபோனதா? சிப்பிகளின் இடைநிலைப் புரதங்கள் இங்கே துப்புக் கொடுத்தன. அவற்றின் நடுவில் உருண்டையாக மடிந்த ஒரு பகுதி இருக்கிறது; அது ஹிஸ்டோன் ஹெச்1இன் நடுப்பகுதியின் சாயல். முன்பு நினைவில் வைக்கச் சொன்னேனே, அவரேதான். ஹெச்1இன் வால் பகுதி மடிப்பே இல்லாமல் தொங்கும், லைசின் நிறைந்திருக்கும். அந்த வால் தனியே பிரிந்து, லைசின் அர்ஜினினாக மாறிவிட்டால்? புரோட்டமின்!

மாறுவது எவ்வளவு எளிது என்பதைக் கையாலேயே செய்து பார்க்கலாம். டிஎன்ஏவில் மூன்று எழுத்து சேர்ந்து ஓர் அமினோ அமிலத்தைக் குறிக்கும். லைசினுக்கு ஒரு குறி: ஏஏஜி. லைசின் நிறைந்த வாலின் மரபணுவில் இப்படி ஓர் இடம் இருக்கிறது என்று வையுங்கள்:

ஏஏஜி ஏஏஜி ஏஏஜி ஏஏஜி

படித்தால் லைசின், லைசின், லைசின், லைசின். இப்போது முதல் எழுத்து ஒன்று தவறி விழுந்துவிட்டது. மீதியை மறுபடி மூன்று மூன்றாகப் பிரியுங்கள்:

ஏஜிஏ ஏஜிஏ ஏஜிஏ ஏஜி…

ஏஜிஏ என்றால் அர்ஜினின். ஒரே ஓர் எழுத்து உதிர்ந்தது. வரிசை முழுக்க லைசினிலிருந்து அர்ஜினினுக்குத் தாவிவிட்டது. வழக்கமாக இப்படி எழுத்து நழுவினால் புரதம் குப்பையாகிவிடும். லைசின் வாலில் மட்டும், குப்பைக்குப் பதில் இன்னும் இறுக்கமாகப் பிடிக்கும் கை கிடைக்கிறது. இது வெறும் காகித விளையாட்டு அல்ல. கனடாவின் விக்டோரியா பல்கலைக்கழகத்தில் ஹுவான் அவுசியோவின் குழு, டியூனிகேட் எனப்படும் கடலுயிரிகளில் இந்த வகை நழுவல் நடந்ததற்கான தடயத்தை 2004இல் வெளியிட்டது. பாறையில் ஒட்டிக்கொண்டு தண்ணீரைப் பீச்சியடிக்கும் இந்தப் பிராணிகள், பார்வைக்கு எப்படி இருந்தாலும், முதுகெலும்பு உள்ளவற்றின் நெருங்கிய உறவுக்காரர்கள்.

நழுவாமலும் மாறலாம். ஏஏஏ என்பதும் லைசின்தான். நடு எழுத்து மட்டும் மாறி ஏஜிஏ ஆனால் அர்ஜினின். மெதுவாக ஒவ்வொன்றாக நடந்தாலும் போய்ச் சேரும் இடம் ஒன்றே.

பழ ஈயான டிரோசோஃபிலா வேறு வழியில் அதே ஊருக்கு வந்திருக்கிறது. அதன் விந்தணுவில் டிஎன்ஏவைப் பொதியும் புரதங்கள் ஹெச்1இன் வாரிசுகளே அல்ல. டிஎன்ஏவை வளைக்கும் ஹெச்எம்ஜி என்ற வேறொரு புரதக் குடும்பத்திலிருந்து வந்தவை. அதில் இரண்டு முக்கியமான மரபணுக்களை நீக்கியும் ஈக்கள் குஞ்சு பொரித்தன என்பது ஆய்வாளர்களுக்கே எதிர்பாராத விஷயம். வேலைக்கு ஆள் தேவை என்றால், கையில் கிடைத்த நேர்ச் சுமைக்காரரை எடுத்துக்கொள்வது உயிரினங்களின் பழக்கம் போலிருக்கிறது.

புரோட்டமினில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இனிமேல்தான் வருகிறது. ஹிஸ்டோன்கள் பரிணாமத்தில் கல்வெட்டு மாதிரி. பட்டாணிச் செடியின் ஹெச்4 வகைக்கும் பசுவின் ஹெச்4 வகைக்கும் 102 இடங்களில் இரண்டே இரண்டு வித்தியாசம். புரோட்டமின் நேர் எதிர். மனிதன், சிம்பன்சி, கொரில்லா என்று நெருங்கிய சொந்தங்களுக்குள்ளேயே அதன் வரிசை மளமளவென்று மாறியிருக்கிறது. நம்முடைய மரபணுக்களில் வேகமாக மாறும் கூட்டத்தில் அதுவும் ஒன்று. இவ்வளவு முக்கியமான வேலை செய்யும் புரதம் எப்படி இவ்வளவு அலட்சியமாக மாறலாம்?

2000ஆம் ஆண்டை ஒட்டி வந்த ஆய்வுகள் விடையின் ஒரு பாதியைச் சொல்லின. எந்த இடத்தில் அர்ஜினின் என்பது மாறிக்கொண்டே இருக்கிறது. மொத்தத்தில் எத்தனை அர்ஜினின் என்பது பெரிதாக மாறுவதில்லை. ஓரிடத்தில் ஒன்று போனால் இன்னோரிடத்தில் ஒன்று வந்துவிடுகிறது. இயற்கைத் தேர்வு கண்காணிப்பது எழுத்துக்களின் வரிசையை அல்ல, மொத்த மின்சுமையை. கல்யாணப் பந்தலில் யார் எந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும் சரி, கூட்டம் குறையக் கூடாது என்கிற கணக்கு.

மறுபாதி போட்டி. ஒரு பெண்ணிடம் பல ஆண்களின் விந்தணுக்கள் போட்டியிடும் இனங்களில், தலை ஒடுங்கி நீந்தும் வேகம் கூடினால் லாபம். தலையின் வடிவத்தில் புரோட்டமினுக்குப் பங்கு இருப்பதால் அதில் வரும் சின்ன மாற்றங்கள் கவனிக்கப்படுகின்றன, தேர்ந்தெடுக்கப்படுகின்றன.

ஆனாலும் ‘அர்ஜினின் எண்ணிக்கை போதும், மற்றதெல்லாம் சும்மா’ என்று முடித்துவிடக் கூடாது. நானும் முன்பு அப்படித்தான் நினைத்திருந்தேன். 2023இல் வெளியான ஓர் ஆய்வில், எலியின் புரோட்டமின் 1இல் 49ஆம் இடத்தில் உள்ள ஒரேயொரு லைசினை மாற்றிப் பார்த்தார்கள். அர்ஜினின் ஒன்றைக்கூடத் தொடவில்லை. விந்தணுவின் டிஎன்ஏ சுருட்டலும் கருவுறும் திறனும் குறைந்தன. திக்குவாய் என்று நாம் நினைத்த வாக்கியத்தில் அங்கங்கே உண்மையான சொற்களும் இருக்கின்றன. மனிதனில் புரோட்டமின் 2 என்று இன்னொன்றும் உண்டு. இரண்டும் ஏறக்குறைய சம அளவில் இருக்கும். மலட்டுத்தன்மை உள்ள ஆண்கள் சிலரில் இந்த விகிதம் பிசகியிருப்பது தெரிகிறது. காளையும் பன்றியுமோ பெரும்பாலும் புரோட்டமின் 1ஐ வைத்தே காலத்தை ஓட்டுகின்றன.

இந்தப் புரதம் விந்தணுவுக்கு வெளியேயும் வேலை செய்கிறது. இதய அறுவை சிகிச்சையின்போது ரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரின் கொடுப்பார்கள். ஹெப்பாரின், டிஎன்ஏவைப் போலவே, எதிர் மின்சுமை நிறைந்த நீண்ட மூலக்கூறு. சிகிச்சை முடிந்ததும் அதை முறிக்க வேண்டும். அதற்குச் செலுத்துவது புரோட்டமின் சல்ஃபேட். சால்மன் விந்தணுவிலிருந்து பிரித்தது. டிஎன்ஏவின் பாஸ்பேட்டைப் பிடிக்கும் அதே கவட்டைக் கைகள் ஹெப்பாரினின் சல்ஃபேட்டைப் பிடித்து முடக்குகின்றன. டென்மார்க்கின் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஹாகடோர்ன் 1936இல் இன்சுலினோடு புரோட்டமினைச் சேர்த்து, உடலில் மெதுவாகக் கரையும் இன்சுலினை உருவாக்கினார். என்பிஹெச் இன்சுலின் என்ற பெயரில் வரும் ‘பி’ புரோட்டமின்தான்.

அதனால் புரோட்டமின் ஊசி போடுவதற்கு முன் நோயாளியிடம் விசாரிக்க வேண்டியவற்றில் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாதவை போலத் தோன்றும் மூன்று விஷயங்கள் உண்டு: மீன் ஒவ்வாமை இருக்கிறதா, என்பிஹெச் இன்சுலின் போட்டுக்கொண்டதுண்டா, குடும்பக் கட்டுப்பாட்டுக்காக விந்துக்குழாயை வெட்டிக்கொண்டதுண்டா? குழாயை வெட்டிய பிறகு விந்தணுக்கள் உடலுக்குள்ளேயே சிதைகின்றன. அப்போது வெளிப்படும் தன் சொந்தப் புரோட்டமினையே சிலருடைய உடல் அந்நியன் என்று குறித்துவைத்து, எதிர்ப்புரதம் தயாரித்து வைத்திருக்கும். பல ஆண்டுகள் கழித்து ஊசியில் வருவது சால்மனின் புரோட்டமின். மனிதனும் சால்மனும் பிரிந்து நாற்பது கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தாலும், சில உடல்கள் அதை அடையாளம் கண்டுகொள்கின்றன.